வியாழனில இறங்கி நிக்கேலாதா? பத்து வயசுப் பெடியனுக்கு வெளிக்கோள்களைப் பற்றிச் சொல்லுறதெண்டா

தங்கச்சி, உங்கட கேள்வியை ரெண்டு தரம் வாசிச்சனான். மகனுக்குப் பத்து வயசு, புலமைப்பரிசில் சோதினை முடிஞ்ச கையோட புத்தகத்தில இல்லாததெல்லாம் கேக்கத் தொடங்கீட்டான், வியாழனில ரொக்கெட் இறங்கினா என்ன நடக்கும், சனிக்கு மட்டும் ஏன் வளையம், புளுட்டோவை ஏன் வெட்டினவை, அங்காலை ஆரும் இருக்கினமோ எண்டு. உங்களுக்குச் சொல்லத் தெரியேல்ல, பிள்ளைக்கு விளங்கிற மாதிரி ஆராவது சொல்லுங்கோ எண்டு கேட்டிருக்கிறியள். நான் வடமராட்சிப் பக்கம் கன வருசம் விஞ்ஞானம் படிப்பிச்ச ஆள், இப்ப பென்சன், வீட்டு மொட்டை மாடியில மச்சான் கனடாவில இருந்து கொண்டந்து தந்த ஒரு சின்ன தொலைகாட்டி இருக்கு (எங்கட உப்புக் காத்துக்கு கண்ணாடியில பூஞ்சணம் பிடிச்சுப் போச்சு, எண்டாலும் வேலை செய்யுது). அதால கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போறன், கோவிக்காதேங்கோ.

முதல் ஒரு விசயம். பிள்ளையளுக்கு இதை படிப்பிக்கேக்க எல்லாரும் விடுற பிழை, கோளின்ர பேரையும் சந்திரன் எத்தினை எண்டதையும் பாடமாக்க விடுறது. சந்திரன் கணக்கை விட்டிடுங்கோ. நான் படிப்பிக்கத் தொடங்கின காலத்தில சனிக்குப் பதினெட்டு எண்டு சொல்லிக் குடுத்தனான், 2025 பங்குனியில ஒரே அடியா 128 புதுசா சேத்து 274 ஆக்கினவை. அது இன்னும் கூடும். அதைப் பாடமாக்கி என்ன பிரயோசனம். பெடியனுக்கு முதல்ல விளங்க வேண்டியது தூரம். தூரம் விளங்கினா மிச்சமெல்லாம் தன்பாட்டில வரும்.

எங்களுக்கு அதுக்கு ஏ9 ரோட்டு இருக்கு. யாழ்ப்பாணத்தில இருந்து கண்டிக்கு 321 கிலோமீட்டர். சூரியனை யாழ்ப்பாணம் ரவுணில வையுங்கோ, கடைசிக் கோள் நெப்டியூனை கண்டியில வையுங்கோ. இப்ப பஸ் ஏறுங்கோ. நாலு கிலோமீட்டரில புதன், நாவற்குழி கிட்ட வெள்ளி, கைதடிப் பக்கம் பத்தரைக் கிலோமீட்டரில நாங்கள், சாவகச்சேரியில செவ்வாய். அவ்வளவுதான், உள்கோள் நாலும் தென்மராட்சிக்குள்ளயே முடிஞ்சுது, கொண்டக்ரர் ரிக்கெற் எழுதி முடிச்சிருக்க மாட்டார். பிறகு சிறுகோள் பட்டை எண்டு கல்லுகள் கொஞ்சம் ஓடித் திரியிற இடம், அதைத் தாண்டி ஆனையிறவுக்கும் பரந்தனுக்கும் இடையில தான் வியாழன். சனி எங்க? மாங்குளம் கழிச்சு. யுரேனஸ் மிகிந்தலைப் பக்கம். பேந்து அங்கயிருந்து கண்டி வரைக்கும் நூறுக்கு மேல கிலோமீட்டர், ஒரு கோளும் இல்லை, வெறும் இருட்டு.

அளவும் சொல்லுங்கோ. இந்தக் கணக்கில சூரியன் நூறு மீற்றர் அகலமான ஒரு உருண்டை, பள்ளிக்கூட விளையாட்டு மைதானத்தை மூடிப்போடும். பூமி ஒரு பஸ் ரயர் அளவு. வியாழன் பத்து மீற்றர், மூண்டு மாடி வீட்டு உயரம். சனி அதை விடக் கொஞ்சம் சின்னன். யுரேனசும் நெப்டியூனும் மூண்டரை மீற்றர், ஒரு ஓட்டோவை உள்ளுக்க விடலாம். ரோட்டெல்லாம் உதை வைக்கேலாது எண்டா வீட்டில செய்யுங்கோ, ஒரு போளையைப் பூமி எண்டு வைச்சா சின்ன வத்தகப்பழம் வியாழன், உரிச்ச தேங்காய் சனி, ரெண்டு தோடம்பழம் யுரேனசும் நெப்டியூனும்.

இதில எனக்கே புழுகமான ஒரு விசயம் இருக்கு. வெளிச்சத்தை விட வேகமா ஓடுற சாமான் ஒண்டும் இல்லை எல்லே, செக்கனுக்கு மூண்டு லட்சம் கிலோமீட்டர். எங்கட ஏ9 கணக்கில அந்த வெளிச்சம் என்ன வேகத்தில ஓடும் எண்டு கணக்குப் பாத்தா, மணிக்கு 77 கிலோமீட்டர். ரோட்டில ஓடுற ஒரு வான் வண்டியின்ர வேகம். ரவுணில இருந்து கைதடிக்கு எட்டு நிமிசம், வியாழனுக்கு 43 நிமிசம், சனிக்கு ஒண்டேகால் மணித்தியாலத்துக்கு மேல, கண்டிக்கு நாலு மணித்தியாலம் தாண்டும். உண்மையான வெளிச்சம் உண்மையான நெப்டியூனுக்குப் போகவும் அதே நாலு மணித்தியாலம் தான். பெடியனுக்குச் சொல்லுங்கோ, நெப்டியூனில நிண்டு பாக்கிற ஆளுக்கு சூரியன் காலமை அணைஞ்சா மத்தியானம் தான் தெரியவரும் எண்டு.

மனிசர் விட்டது என்ன வேகம்? வொயேஜர் 2 எண்டு ஒரு விண்கலம், 1977 ஆவணியில கைதடியில (பூமியில) ஏறினது. ஆனையிறவு (வியாழன்) 1979, மாங்குளம் (சனி) 1981, மிகிந்தலை (யுரேனஸ்) 1986 தை, கண்டி (நெப்டியூன்) 1989 ஆவணி. பன்னிரண்டு வருசம். ஏ9 பூட்டிக் கிடந்த காலத்தில நாங்களும் கொழும்புக்குப் போய்ச் சேர நாள் கணக்கில எடுத்தனாங்கள் தான், எண்டாலும் பன்னிரண்டு வருசம் இல்லை. அதுவும் இந்த வெளிக்கோள் நாலும் ஒரே பக்கமா வாற வாய்ப்பு 176 வருசத்துக்கு ஒருக்காத் தான் வரும், அது வரேக்க பிடிச்சு ஒரு கோளின்ர ஈர்ப்பில எத்துப்பட்டு அடுத்த கோளுக்குப் போற மாதிரி அனுப்பினவை. யுரேனசையும் நெப்டியூனையும் கிட்டப் போய்ப் பாத்தது இண்டைக்கு வரைக்கும் அது ஒண்டு தான். அதில ஒரு தங்க முலாம் பூசின இசைத்தட்டும் போகுது, 55 பாசையில வணக்கம் சொல்லி. சிங்களத்தில ஆயுபோவன் இருக்கு, தெலுங்கு கன்னடம் இருக்கு, தமிழ் இல்லை. ஏன் எண்டு பெடியன் கேட்டா என்ட்டை அனுப்பாதேங்கோ, எனக்கும் அந்தக் கவலை தான்.

சரி, இப்ப வியாழன். இறங்கி நிக்கேலாது, ஏனெண்டா நிக்கிறதுக்கு நிலம் இல்லை. பெரும்பாலும் ஐதரசனும் ஈலியமும் தான், அதாவது பலூனுக்குள்ள அடைக்கிற வாயுக்கள். அப்ப ரொக்கெட் ஒரு பக்கத்தால போய் மற்றப் பக்கத்தால வந்திடுமோ எண்டு பெடியன் கேப்பான், கேக்காட்டி தான் யோசிக்கோணும். வராது. கிணத்தில சுழியோடினவனெண்டா அவனுக்குத் தெரியும், அடிக்குப் போகப் போக காது அடைக்கும், மேல இருக்கிற தண்ணியின்ர பாரம் அது. வியாழனில அந்தப் பாரம் வாயுவின்ர பாரம், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தடிப்பு. உள்ளுக்குப் போகப் போக வாயு நெருங்கி நெருங்கி, எங்க வாயு முடிஞ்சு எங்க திரவம் தொடங்கிச்சு எண்டு கோடு போட்டுக் காட்டேலாமல் கூழ் மாதிரித் தடிச்சுப் போகும், சூடும் ஏறும். 1995 மார்கழியில கலிலியோ விண்கலம் ஒரு சின்னக் கருவியை உள்ளுக்க போட்டுப் பாத்தது. பரசூட்டில தொங்கிக் கொண்டு ஒரு மணித்தியாலம் கூட முழுசா இல்லை, 58 நிமிசம் செய்தி அனுப்பிச்சுது, பிறகு சத்தமில்லை. அது போன ஆழம் கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர். வியாழன்ர குறுக்களவு ஒரு லட்சத்து 43 ஆயிரம் கிலோமீட்டர், அப்ப தோடம்பழத்தின்ர தோலைக் கூட தாண்டேல்ல.

சிவப்புப் பொட்டு ஒண்டு இருக்கு எல்லே படத்தில, அது ஒரு சூறாவளி. பூமியை அப்பிடியே உள்ளுக்க விழுத்தலாம், அவ்வளவு பெரிசு, 1830 ஆம் ஆண்டுகளில இருந்து விடாமல் பாத்துக் கொண்டு வருகினம், இன்னும் சுத்துது. எங்களுக்கு 2008 ல நிஷா புயல் வந்து நாலைஞ்சு நாளில ஓய்ஞ்சுது. ஏன் எங்கட புயல் சாகுது, அங்க சாகேல்ல? எங்கட புயல் கடலில இருந்து தான் பலம் எடுக்குது, கரை ஏறினா நிலம் உரசி, ஈரமும் இல்லாமல் களைச்சுப் போகும். வியாழனில கரையே இல்லை. எண்டாலும் உந்தப் பொட்டு வர வரச் சுருங்கிக் கொண்டு தான் வருது, நூறு வருசத்துக்கு முதல் இதை விட நல்லாப் பெரிசு.

வியாழனைச் சுத்துற பெரிய சந்திரன் நாலையும் 1610 தையில இத்தாலி விஞ்ஞானி கலிலியோ கண்டவர். கொண்டைக்கடலை மாதிரி நாலு புள்ளி, ஒவ்வொரு நாளும் இடம் மாறி நிண்டுதாம், அவர் அதைக் கீறி வைச்சார். பூமியைச் சுத்தாத சாமானும் வானத்தில இருக்கு எண்டு உலகத்துக்கு விளங்கினது அதால தான். உங்கட வீட்டில சாதாரண பைனாகுலர் ஒண்டு இருந்தா பெடியனும் காணலாம், மதிலில முட்டுக் குடுத்து ஆடாமல் பிடிக்கோணும், அவ்வளவு தான். நாலு இரவு தொடர்ந்து பாத்து கொப்பியில கீறச் சொல்லுங்கோ, நூறு பக்கம் வாசிக்கிறதை விட அது மேல். 2022 ஆவணி புரட்டாதியில இரவில கரண்ட் நிண்ட நேரமெல்லாம் எங்கட ஒழுங்கைப் பிள்ளையள் முழுக்க என்ர மொட்டை மாடியில தான், கரண்ட் வந்தா "ஐயோ வந்திட்டுதே" எண்டு கத்தினதுகள்.

அந்த நாலில அயோ எண்டதில எரிமலை. 400 க்கு மேல. சூரியனில இருந்து அவ்வளவு தள்ளி, குளிருக்குள்ள, எப்பிடி எரிமலை? வியாழன் ஒரு பக்கம் இழுக்க, மற்றச் சந்திரன்கள் மற்றப் பக்கம் இழுக்க, அயோ றொட்டி மா மாதிரிப் பிசைபட்டுக் கொண்டே கிடக்குது. ஒரு றப்பர் துண்டை கெதிகெதியா இழுத்து விட்டு உதட்டில வைச்சுப் பாக்கச் சொல்லுங்கோ, சூடு தெரியும். அதே சங்கதி.

சனிக்கு வருவம். எங்கட சனத்துக்குச் சனியைப் படிப்பிக்கத் தேவையில்லை, ஏழரைச் சனி எண்டா எல்லாருக்கும் தெரியும். அந்த ஏழரை எங்கயிருந்து வந்தது எண்டு பெடியனுக்குச் சொல்லுங்கோ. சனி சூரியனை ஒருக்காச் சுத்த இருபத்தொன்பதரை வருசம். ராசி பன்னிரண்டு. பிரிச்சா ஒரு ராசிக்கு ரெண்டரை வருசம், மூண்டு ராசிக்கு ஏழரை. வியாழனுக்கு ஒரு சுத்துப் பன்னிரண்டு வருசம், அதால தான் குருப்பெயர்ச்சி வருசா வருசம் வருது. பலன் சரியோ பிழையோ அந்தக் கதைக்கு நான் வரேல்ல, புரட்டாதிச் சனிக்கு காகத்துக்குச் சோறு வைக்கிற வீடு தான் எங்கடையும். ஆனா தொலைகாட்டி இல்லாத காலத்தில வெறுங்கண்ணால பாத்துப் பாத்து அந்தக் கணக்கை எடுத்த ஆக்களுக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேணும்.

வளையம் திண்மமான தட்டு இல்லை. எல்லாம் ஐஸ் துண்டு, தூசி அளவில இருந்து வீடு அளவு வரைக்கும், ஒவ்வொண்டும் தனித்தனியா சனியைச் சுத்தி ஓடுது. தூரத்தில நிண்டு பாக்க ஒட்டின மாதிரித் தெரியுது. கலிலியோவுக்கே அது என்னெண்டு பிடிபடேல்ல, சனிக்கு ரெண்டு பக்கமும் காது முளைச்ச மாதிரி இருக்கு எண்டு விட்டிட்டார், பிறகு ஹைகன்ஸ் எண்டவர் தான் வளையம் எண்டு கண்டுபிடிச்சது. அகலம் ஒரு கரையில இருந்து மறு கரைக்கு ரெண்டு லட்சத்து 80 ஆயிரம் கிலோமீட்டர், தடிப்பு பெரும்பாலான இடங்களில பத்து மீற்றர் அளவு தான்! கொப்பி ஒற்றைத் தடிப்பில நல்லூர்க் கோயிலடியில இருந்து கோட்டை வரைக்கும் விரிச்ச கடதாசி எண்டு வைச்சுக் கொள்ளுங்கோ. அவ்வளவு மெல்லிசு எண்டதால பக்கவாட்டில திரும்பினா காணாமல் போயிடும், 2025 பங்குனியில அப்பிடித் தான் நடந்தது, அந்த வருசம் கார்த்திகையிலயும் கிட்டத்தட்ட அப்பிடித் தான், அப்ப ஆசையா வந்த ஒரு பிள்ளைக்கு தொலைகாட்டியில வளையமில்லாத மொட்டைச் சனியைக் காட்டி நான் வாங்கிக் கட்டினன். பதினைஞ்சு வருசத்துக்கு ஒருக்கா அப்பிடி வரும், பிறகு ஆறுதலா விரியும். இன்னொண்டு, சனிக்கு மட்டும் தான் வளையம் எண்டு சொல்லிக் குடுக்காதேங்கோ. நாலுக்கும் இருக்கு, மற்ற மூண்டினதும் மங்கல், யுரேனசின்ரயை 1977 ல தான் கண்டவை.

தண்ணியில போட்டா சனி மிதக்கும் எண்டு சொல்லுவினம். அடர்த்திக் கணக்குச் சரி, தண்ணியை விடக் குறைவு. ஆனா அவ்வளவு பெரிய வாளிக்கு எங்க போறது.

யுரேனஸ் எனக்குப் பிடிச்ச கோள், ஆரும் கவனிக்காத பிள்ளை மாதிரி. வெறுங்கண்ணுக்குத் தெரியுற விளிம்பில நிக்குது, அதால ஆயிரக்கணக்கான வருசம் ஆருக்கும் அது கோள் எண்டு தெரியாது. 1781 பங்குனி 13 இரவு இங்கிலாந்தில ஹேர்ஷல் எண்ட ஒரு சங்கீதக்காரர், தேவாலயத்தில ஓர்கன் வாசிக்கிறவர், தானே கண்ணாடி தீட்டிச் செய்த தொலைகாட்டியால கண்டார். மனிசன் அதுக்கு அரசர் ஜோர்ஜின்ர பேரை வைக்கப் பாத்தவர், மற்ற நாட்டுக்காரர் விடேல்ல. மற்றக் கோளெல்லாம் பம்பரம் மாதிரி நிண்டு சுத்த, இது படுத்துக் கொண்டு சுத்துது, 98 பாகை சாய்வு. தொடக்கத்தில பெரிய சாமான் ஒண்டு வந்து இடிச்சு விழுத்தினது எண்டு தான் நினைக்கினம். அதின்ர ஒரு வருசம் எங்கட 84 வருசம், ஒரு அப்பப்பாவின்ர ஆயுள். படுத்திருக்கிறதால துருவத்தில 42 வருசம் பகல், 42 வருசம் இரவு. பெடியனுக்கு இதை விடப் பிடிக்கப் போறது என்னெண்டா, யுரேனசின்ர மேல் முகிலில ஐதரசன் சல்பைட்டு இருக்கு எண்டு 2018 ல கண்டவை, அதின்ர மணம் கூழ்முட்டை மணம். இதைச் சொன்னா வகுப்பு முழுக்கச் சிரிச்சு உருளும், ஒருத்தரும் மறக்க மாட்டினம்.

நெப்டியூன் கண்ணால கண்டு பிடிச்ச கோள் இல்லை, கணக்கால பிடிச்சது. இருட்டில ஒருத்தன் சைக்கிள் ஓடிக் கொண்டு வாறான், நேர வாறவன் இடைக்கிடை ஒரு பக்கம் இழுபடுறான் எண்டா, ஆளைத் தெரியாட்டியும் ஆரோ பிடிச்சு இழுக்கினம் எண்டு விளங்கும் தானே. யுரேனஸ் அப்பிடித் தான் போட்ட கணக்குக்கு வராமல் முந்தியும் பிந்தியும் ஓடிச்சுது. பிரான்சில லெவெரியே எண்டவர் பேப்பரில கணக்குப் போட்டு இழுக்கிறவன் இந்த இடத்தில நிக்கோணும் எண்டு பெர்லினுக்குக் கடிதம் எழுத, 1846 புரட்டாதி 23 இரவு, கடிதம் கிடைச்ச அண்டைக்கே, கால்லே எண்டவர் தொலைகாட்டியைத் திருப்ப சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள்ள கோள் நிண்டுது. இங்கிலாந்தில அடம்ஸ் எண்டவரும் அதே கணக்கைப் போட்டு வைச்சிருந்தவர், அவர் சொன்ன இடத்தில கெதியா ஒருத்தரும் தேடேல்ல, பேந்து ரெண்டு நாட்டுக்கும் பெரிய இழுபறி. நெப்டியூனுக்கு ஒரு சுத்து 165 வருசம், அப்ப கண்டுபிடிச்ச நாளில இருந்து முதல் பிறந்தநாள் வந்தது 2011 ல தான். அங்க காத்து மணிக்கு ரெண்டாயிரம் கிலோமீட்டர் வரைக்கும் அடிக்குது, சூரிய வெளிச்சம் இவ்வளவு குறைஞ்ச இடத்தில அந்தப் பலம் எங்கயிருந்து வருது எண்டது இன்னும் ஆராய்ச்சி தான். புத்தகத்தில கடும் நீலமா கீறி இருப்பினம், அது வொயேஜர் படத்தைத் தெளிவுக்காக கடும் நிறமாக்கினது. 2024 ல திரும்பச் சரிபாத்து, யுரேனசும் நெப்டியூனும் கிட்டத்தட்ட ஒரே வெளிறின பச்சை நீலம் எண்டு சொல்லியிருக்கினம். மெதேன் சிவப்பு வெளிச்சத்தை விழுங்கிறதால வாற நிறம் அது.

ஏன் பெருசுகள் எல்லாம் அங்காலை, சின்னதுகள் இஞ்சாலை? கோள் உண்டாகேக்க சூரியனுக்குக் கிட்ட சூடு, அடுப்பங்கரையில ஐஸ்பழம் வைச்ச மாதிரி ஐஸ் நிக்காது, கல்லும் இரும்பும் தான் மிஞ்சிச்சுது, அது கொஞ்சம். தள்ளி ஐஸ் உறைஞ்சு கிடந்தது, அது கனக்க. அதைச் சேத்துப் பெருத்த உருண்டை சுத்தி இருந்த வாயுவையும் இழுத்துப் போட்டுது.

புளுட்டோவை ஆரும் வெட்டேல்ல, அது இருந்த இடத்தில தான் இருக்கு, கண்டி தாண்டி கொழும்பு கிட்டினாப்போல. 1930 ல கண்டு கோள் எண்டவை, பிறகு அந்தப் பக்கம் அதைப்போலக் கனக்க இருக்கு எண்டு தெரியவந்தது, 2005 ல ஏரிஸ் எண்டு கிட்டத்தட்ட அதே பருமனில ஒண்டு அம்பிட்டுது. எல்லாத்தையும் கோள் எண்டுறதோ, இதை மாத்துறதோ? 2006 ல குறுங்கோள் எண்டு வகுப்பு மாத்திவிட்டினம். எனக்கு அது சரி எண்டு தான் படுது, என்ர பேத்தி இன்னும் ஒத்துக்கொள்ளேல்ல.

கடைசிக் கேள்வி, அங்காலை ஆரும் இருக்கினமோ. கோளுகளில தேடுறதை விட சந்திரன்களில தேடுறது தான் இப்ப நம்பிக்கை. சனியின்ர என்செலடஸ் சின்னச் சந்திரன், ஐஸ் ஓடு வெடிச்ச இடத்தால உள்ளுக்க இருக்கிற உப்புத் தண்ணி வெளிய பீச்சியடிக்குது, கசினி விண்கலம் அதுக்குள்ளால பறந்தே பாத்தது. சனியின்ர பெரிய சந்திரன் ரைற்றனில ஆறும் ஏரியும் இருக்கு, தண்ணி இல்லை, திரவ மெதேன், 2005 தையில ஒரு கருவி பரசூட்டில போய் இறங்கி படமும் எடுத்தது, அப்ப வெளிக்கோள் பக்கம் இறங்கி நிக்கக்கூடிய இடம் வேணுமெண்டா பெடியனை அங்க அனுப்புங்கோ. வியாழன்ர யூரோப்பாவில ஐஸுக்குக் கீழ எங்கட கடல் எல்லாத்தையும் விடக் கூடத் தண்ணி இருக்கு எண்டு கணக்கு. மீன் இருக்கோ கிருமி இருக்கோ ஒண்டுமில்லையோ, பாக்கத் தான் வேணும். யூரோப்பா கிளிப்பர் எண்ட விண்கலம் 2024 ஐப்பசியில வெளிக்கிட்டது, இப்ப வழியில, 2030 ல ஆனையிறவு, அதாவது வியாழன், போய்ச் சேரும். அந்தச் சந்திரனுக்குக் கிட்டவா 49 தரம் பறந்து பாக்கப் போகுது. உங்கட மகன் அப்ப ஓஎல் படிச்சுக் கொண்டிருப்பான்.